முப்பது நாள் விதி

எங்கள் நாட்டுத் தலைநகரான பிஷ்கெக்கில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மொத்தம் ஆறு பேர். இணையத்தில் குழு நடத்துகிறவர்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்போம். மலையேறுகிறவர்கள், நாய் வளர்க்கிறவர்கள் என்று பல குழுக்கள். அவற்றில் ஒன்று புருல்சா அக்காவுடையது. ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்த் தகவலே இல்லாமல் போனவர்களின் குடும்பங்கள், பதினோராயிரம் பேர், அதில் இருந்தார்கள். அக்காவின் தம்பியும் ஓம்ஸ்க் நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனவன்தான். மூன்று வருடமாகப் பேச்சு மூச்சில்லை.

போன இலையுதிர் காலத்தில் அக்கா போனில் அழுதாள்.

"ஜீபெக், மோசடிக்காரனுங்க உள்ள பூந்துட்டானுங்கடி. 'உங்க ஆளு எங்க ஆஸ்பத்திரியில கெடக்கான், இந்த நம்பருக்குக் கூப்பிடு'ங்கறானுங்க. கூப்பிட்டா பணத்தைப் பறிக்கறானுங்க. ஒரு பொம்பள குதிரையை வித்து அனுப்பியிருக்கா. ஏதாவது பண்ணு."

ஒரே நாளில் ஒரு விதி எழுதினேன். புதிதாகச் சேர்ந்தவர் ரஷ்யத் தொலைபேசி எண்ணோடு எழுதினால் அது யார் கண்ணிலும் படாது. முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். மறைந்தவற்றை அக்கா பார்த்துச் சரிபார்க்க ஒரு பக்கமும் வேண்டும் என்று முதலாளி மூர்சபெக்கிடம் சொன்னேன்.

"ரெண்டு வாரம் பிடிக்கும். இப்ப நேரம் எங்க இருக்கு? அப்புறம் பாக்கலாம்," என்றார்.

நானும் விட்டுவிட்டேன். மோசடிக்காரர்கள் ஓய்ந்தார்கள். அக்கா ஒரு பெட்டி உலர்ந்த பாதாமிப் பழம் அனுப்பினாள்.

அந்தப் பக்கத்தைச் செய்ய ஏப்ரலில்தான் நேரம் கிடைத்தது. சோதித்துப் பார்க்க, மறைந்திருந்தவற்றைத் திறந்தேன். பெர்ம் நகரத்திலிருந்து ஒரு நர்ஸ் மூன்று முறை எழுதியிருந்தாள். தலையில் அடிபட்ட ஒருவர், பேச்சு வரவில்லை, கேட்டதற்கு 'எர்மெக், கொச்கோர்' என்று தன் பேரையும் ஊரையும் எழுதிக் காட்டினார், தெரிந்தவர்கள் உடனே கூப்பிடுங்கள் என்று.

கூப்பிட்டேன்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? அவர் செத்து ஒம்பது நாளாச்சு. யாரும் வரலைன்னு நகராட்சியே பொதச்சிடுச்சு," என்றாள் நர்ஸ். "உங்களுக்கெல்லாம் அவர் வேண்டாம்போலன்னு நெனச்சேன்."

எர்மெக்கின் மனைவி அக்காவின் குழுவில் இருந்தாள். தினமும் காலையில் அவன் படத்தைப் போடுவாள்.

மூர்சபெக்கிடம் சொன்னபோது எழுந்து கதவைச் சாத்தினார்.

"வெளிய மூச்சு விடாத. சொன்னா செத்தவன் எழுந்து வரப்போறானா? நம்ம ஆறு பேர் பொழப்புலதான் மண்ணு விழும்."

நான் தொர்தோய் சந்தைக்குப் போனேன். அங்கே அக்கா கம்பளிக் காலுறை விற்றுக்கொண்டிருந்தாள். சொன்னதும் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே கேட்டேன்," என்றாள்.

"விதியை எழுதினது நான்க்கா."

"இதுக்கு முன்னாடி எத்தனை அழிஞ்சிருக்கு?"

"ஆயிரத்து முன்னூத்தி ஆறு."

"அதுல என்ன இருந்துச்சு?"

"தெரியாதுக்கா. திரும்ப எடுக்க முடியாது."

"ஓம்ஸ்க்லேர்ந்து ஏதாச்சும்..." அவள் முடிக்கவில்லை. காலுறை வாங்க வந்த ஒருத்தி விலை கேட்டாள். அக்கா அவளுக்குச் சரியாக விலை சொன்னாள், பேரம் பேசினாள், பையில் போட்டுக் கொடுத்தாள். பிறகு என் முன்னாலேயே எர்மெக்கின் மனைவிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் எழுந்த அலறல் எனக்கே கேட்டது.

இனி ஒன்றுகூட மறையக் கூடாது என்று அக்கா சொல்ல, விதியை அன்றே நீக்கினேன். வேலையையும் விட்டேன். மறுநாளே மோசடிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அக்கா ஒரு எண்ணையும் விடாமல் ஒவ்வொன்றுக்கும் கூப்பிடுகிறாள். ஓம்ஸ்க் என்று அவள் சொன்னவுடனே, ஆமாம், தம்பி உயிரோடு இருக்கிறான், உன்னைத்தான் கேட்கிறான் என்று எல்லாருமே சொல்கிறார்கள்.

போன வாரம் அவர்களில் ஒருவனுக்குப் பணம் அனுப்பினாள். பொய் என்று தெரிந்தேதான் அனுப்பினேன் என்று என்னிடம் சொன்னாள்.