ஒன்பதாவது கண்ணாடி

"கண்ணாடி உடைஞ்சா என்ன அர்த்தம்?"

"சுவர் நகருதுன்னு அர்த்தம்ப்பா."

"உடையலேன்னா?"

"கட்டடம் அசையாம நிக்குதுன்னு அர்த்தம். இன்னும் எத்தனை தடவைதான் கேப்பீங்க?"

"நீ போய்த் துறைத்தலைவர்கிட்ட சொல்ற வரைக்கும்."

போன வாரப் பேச்சு அது. இன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் அப்பா. அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள் மகள். தலைவரை நேரில் பார்க்கப் போட்டுக்கொள்வதற்கென்று அவரே தேய்த்து மாட்டியிருந்த சட்டை.

பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தெட்டு வருடம் உதவியாளராக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவர். சேர்ந்த வருடமே கிழக்குச் சுவரில் விரிசல் விட்டது. பூசி மறைக்கச் சொன்னார்கள். அவரோ விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடி ஸ்லைடைச் சிமென்ட் வைத்து ஒட்டினார். உடைந்ததும் அதன் கீழே இன்னொன்று. ஒட்டிய தேதியும் உடைந்த தேதியும் பக்கத்திலேயே பென்சிலில். பத்து வருடத்தில் எட்டு உடைந்தன. ஒன்பதாவதில் முப்பது வருடமாக ஒரு கீறல் இல்லை.

"அதுக்கும் உனக்கும் ஒரே வயசு. ஆனா அது என்னை எதிர்த்துப் பேசாது" என்று மகளைச் சீண்டுவார்.

நான்கு மாதத்துக்கு முன் வந்த பொறியாளர் தேதிகளைப் படிக்கவில்லை. உடைந்த எட்டை எண்ணிவிட்டு, கட்டடம் சரிகிறது, இடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கேயே தற்காலிக எழுத்தராக இருந்த மகளுக்குப் பெரியவர்கள் விஷயத்தில் வாயைக் கொடுக்கப் பயம். நாளைக்குச் சொல்றேன்ப்பா என்றே நாளைக் கடத்திவிட்டாள். திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள்.

சட்டைப்பையில் ஏதோ தட்டுப்பட்டது. காகிதத்தில் சுற்றிய புது ஸ்லைடு. பத்தாவது தேவைப்பட்டால் என்று வைத்திருந்திருக்கிறார்.

பதினோரு மணிக்குத் துறைத்தலைவர் வந்தார். மாணவராக இருந்த காலத்தில் அப்பாவிடம் திட்டு வாங்கியவர்.

"நான் உடைச்ச பியூரெட் குழாய் பதினாலு. பார்க்கிறப்பெல்லாம் சொல்லிக் காட்டுவார்" என்றார். கிளம்பும்போது, எது வேண்டுமானாலும் தயங்காமல் கேட்கச் சொன்னார்.

தம்பி அவள் முழங்கையை இடித்தான். "உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லுக்கா. இப்ப விட்டா கிடைக்காது."

அவள் அந்த ஸ்லைடைத் தலைவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கூட வந்து கிழக்குச் சுவரைப் பாருங்க சார். உடைஞ்சதை எண்ணாதீங்க. தேதியைப் படிங்க."