அண்ணியின் தகரப் பெட்டி

சுவருக்குள் ஓடிய குழாய் எப்போது வெடித்தது என்று யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலை தையல்காரி கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது கணுக்கால் வரை தண்ணீர். கணவன் லாரியோடு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. வால்வை அடைத்தாள். துணிக் கட்டுகளை மேசைமேல் ஏற்றினாள். மிஷின் மோட்டாரைத் துடைத்துவிட்டு நிமிர்ந்த பிறகுதான் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி நினைவுக்கு வந்தது.

அது அவள் நாத்தனாருடையது. கணவனுக்கு மூத்தவள் என்பதால் இவளுக்கு அண்ணி. கப்பலில் சமையல் வேலை. ஒவ்வொரு தடவை கப்பலேறும்போதும் அந்தப் பச்சைத் தகரப் பெட்டியைத் தம்பி வீட்டில் வைத்துவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். அந்த இரண்டாவது இழுப்பு தனக்காகத்தான் என்று தையல்காரிக்கு ஒரு எண்ணம் உண்டு. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இருவருக்கும் சண்டை வந்ததில்லை. ஒட்டுதலும் வந்ததில்லை.

பெட்டியை வெளியே இழுத்துச் சாய்த்தாள். மூலையிலிருந்து துருநிறத்தில் தண்ணீர் சொட்டியது. கொஞ்ச நேரத்தில் அது நீலமாக மாறியது. விரலில் தொட்டுப் பார்த்தாள். பேனா மை.

கணவனுக்கு போன் போட்டாள்.

"உள்ள ஏதோ பேப்பர் இருக்குதுங்க. மை கரையுது. திறந்து காய வச்சிரட்டுமா?"

"அக்காகிட்ட கேக்காமலா? வேண்டவே வேண்டாம். வியாழக்கிழமை கப்பல் கரைக்கு வந்துரும். அப்ப கேட்டுக்கலாம்."

"வியாழக்கிழமைக்குள்ள எல்லாம் கூழாயிரும்."

"கூழானா தண்ணி மேல பழி. திறந்தா உன் மேல பழி. யோசிச்சுக்கோ."

போன் கட்டாகிவிட்டது. அவனுக்கென்ன, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சொட்டுச் சத்தம் கேட்பது இவளுக்குத்தானே.

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஃபேனைப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய சட்டையில் இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். திரும்பவும் அதே தப்பு. மிஷினில் உட்கார்ந்தால் கண் பெட்டிக்குப் போனது. பெட்டிக்குப் போனால் கை பூட்டுக்குப் போனது. நாத்தனாருக்கு எட்டு தடவை போன் செய்தாள். எட்டு தடவையும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை பெட்டியிலிருந்து ஊசல் வாடை கிளம்பியது. தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்பவரைக் கூட்டிவந்தாள். அவர் குனிந்து பூட்டைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷ வேலை. பெட்டி யாரோடது?"

"எங்க அண்ணியோடது."

"அவங்க எங்க?"

"கடல்ல."

அவர் பையை மூடிவிட்டார். "சொந்தக்காரங்க வாயால சொன்னாத்தான் நான் பூட்டைத் தொடுவேன்மா. முப்பது வருஷமா அப்படித்தான்." வாசல்வரை போனவர் நின்றார். "பூட்டைத்தான் எல்லாரும் பாக்குறாங்க. பின்னாடி கீல்ல ரெண்டு ஆணி இருக்கு பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அவர் போன பிறகு ஒரு மணி நேரம் அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். பழி எப்படியும் தன் தலையில்தான் விடியப்போகிறது, காகிதமாவது பிழைக்கட்டும் என்று கடைசியில் சுத்தியலை எடுத்தாள்.

உள்ளே நூற்றுக்கும் மேல் தாள்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதிய கடிதங்கள். கிழியாமல் ஒவ்வொன்றாக உரித்தாள். அறைக்குக் குறுக்கே கயிறுகள் கட்டி, எழுத்து சுவரைப் பார்க்கும்படி கிளிப் போட்டு மாட்டினாள். படிக்கக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் எல்லாத் தாளிலும் முதல் வரி 'தம்பிக்கு' என்றிருந்தது கண்ணில் படத்தான் செய்தது. ஒரு தாளில் அதற்குக் கீழேயே 'அந்தத் தையல்காரி' என்றிருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு படித்தாள்.

புதன்கிழமை முழுக்க அவள் அந்தக் கயிறுகளுக்கு அடியில் குனிந்து குனிந்தே நடந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் நாத்தனாரே கூப்பிட்டாள். தையல்காரி எதையும் மறைக்காமல் தண்ணீர், மை, ஆணி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"படிச்சியா?"

"ஒண்ணே ஒண்ணு அண்ணி. என்னைப் பத்தின்னு தெரிஞ்சதும் கை நிக்கல."

"கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினதா?"

"ஆமா. அந்தப் பொண்ணு நமக்குச் சரிப்பட்டு வர மாட்டா, வேண்டாம்னு சொல்லிருன்னு."

நாத்தனார் பெருமூச்சு விட்டாள். "மனசுல பட்டதை எல்லாம் எழுதிருவேன். எழுதினா ஆறிரும். எதையும் அனுப்பினதில்ல."

"அதையாவது கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கலாம். உன்னைப் பத்தி வேற தாளும் இருக்கு. வேணும்னா தேடிப் படிச்சுக்கோ. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றாள்.

"நல்லதா, கெட்டதா அண்ணி?"

"ரெண்டும் இருக்கும்."

அவள் தேடவில்லை. தேடாமல் இருப்பது தேடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. காய்ந்த தாள்களை அடுக்கிப் பெட்டிக்குள் வைத்து, கீலில் ஆணிகளை அடித்து முடித்தபோது கணவன் வந்து செருப்பைக் கழற்றினான்.

"நீ திறந்துட்டேன்னு அக்கா சொன்னாங்க. உள்ள என்ன இருந்துச்சு?"

"பேப்பர்."

"எனக்கு ஏதாவது இருந்துச்சா?"

அவள் ஊசியில் நூலைக் கோர்த்தாள்.

"அவங்ககிட்டயே கேளுங்க" என்றாள்.