எலிகளின் அதிபதிக்கும் ஆமென்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிமிர்னா துறைமுகத்தில் மெலித்தினே அக்கா என்னைத் திட்டியதில் பிறந்தது இந்தக் கதை.

"சபையில வாய் கிழியப் பாடுனீங்களே, என் பிள்ளைக்காக ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?"

கடற்பஞ்சு எடுக்கப் போன அவள் மகன் சோசிமோஸின் படகு புயலுக்குப் பிறகு திரும்பவில்லை.

2

கடல் அன்று கறுத்துக்

(வேண்டாம். எங்கள் ஊரில் எல்லாக் கதையிலும் கடல் கறுக்கிறது.)

கல்லினிகோஸிலிருந்து தொடங்குகிறேன். அப்பொல்லோ கோயிலுக்குத் துதிப்பாட்டு கட்டியே தலை நரைத்தவர். போன பாஸ்காப் பண்டிகையில்தான் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். பழைய பாட்டுக்கு ஒரு முறை உண்டு. முதலில் தெய்வத்தின் பெயர்கள், பிறகு அதன் பெருமை, கடைசியில்தான் வேண்டுதல். ஒரு பெயர் விட்டுப்போனாலும் தெய்வம் திரும்பிப் பார்க்காது. எங்கள் சபைக்குக் கட்டும் புதுப் பாட்டுக்கு 'ஆமென்' மட்டும்தான் கூடுதல் என்று நினைத்துவிட்டார் மனிதர்.

3

ஞாயிறு விடியலில் அவர் கட்டிய பாட்டைத் தொடங்கினோம். மேய்ப்பரே, நங்கூரமே, அணையா விளக்கே... வெயில் உச்சிக்கு வந்தும் பெயர்கள் முடியவில்லை. நடுவில் "எலிகளின் அதிபதியே" என்று ஒன்று வந்தது. சபை "ஆமென்" என்றது.

சபை மூப்பர் கையைத் தூக்கினார். "நிறுத்துங்க. எந்த எலி?"

"அப்பொல்லோவோட பேருங்க ஐயா. எதுக்கும் இருக்கட்டும்னு போட்டேன்."

"அவரு வேற, இவரு வேறய்யா!"

"தெரியும்ங்க. ஆனா இப்ப எலியை யாரு பாத்துக்கிறா?"

மூப்பர் யோசித்தார். [அடிக்குறிப்பு: உண்மையாகவே யோசித்தார். சபையின் தானியக் கிடங்கு அவர் பொறுப்பு.] "சரி, இருக்கட்டும். மெதுவாப் பாடுங்க."

மெலித்தினே எழுந்துவிட்டாள். "பேரு போதும்யா! என் பிள்ளையைக் கேளுங்க!"

"வேண்டுதல் இன்னும் வரலைம்மா," என்றார் கல்லினிகோஸ். "வரிசை தப்புனா காது குடுக்க மாட்டாரு."

4

முடிவு (அ): வேண்டுதலைப் பாடியதும் படகு தெரிந்தது. இப்படி எழுதினால் கல்லினிகோஸைப் பிடிக்க முடியாது.

முடிவு (ஆ): படகு வந்தது, ஆனால் அதில்

(இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

நடந்தது என்னவென்றால், பசி தாங்காமல் சபை கலைந்தது. வேண்டுதலை யாரும் பாடவே இல்லை. நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஆகவே, வாசகரே, உங்களை எந்தப் பெயரால் அழைப்பதென்று எனக்குத் தெரியாது. உங்கள் பெருமைகளும் தெரியாது. நேராகவே கேட்கிறேன். சோசிமோஸைக் கரை சேர்த்துவிடுங்கள். அக்கா இன்னும் துறையில்தான் நிற்கிறாள்.