நல்ல தண்ணீர்க் கோடு

கப்பலின் பக்கவாட்டில் இரண்டு கோடுகள் இருக்கும். கீழே இருப்பது கடலுக்கு, மேலே இருப்பது ஆற்றுக்கு. நல்ல தண்ணீரில் கப்பல் கூடுதலாக அமுங்கும். உப்புத் தண்ணீர் தூக்கிக் கொடுக்கும். அதனால் எங்கள் ஆற்றுத் துறையில் மேல்கோடு வரை அமுங்கச் சரக்கேற்றலாம். கடலுக்குப் போனதும் அதுவே நான்கு விரல் எழும்பிக் கீழ்க்கோட்டில் நின்றுவிடும். அந்தக் கோட்டைப் பார்த்து, போதும் என்று கையெழுத்துப் போடுவதுதான் முப்பத்தோரு வருடமாக என் பிழைப்பு.

கேட்க எளிதுதான். ஆனால் ஆறு ஒரு நிலையில் நிற்காது. கோடையில் கடல் ஏறினால் துறை வரைக்கும் உப்பு வந்துவிடும். ஆகவே கடைசி மூட்டை ஏறிய பிறகு படியிறங்கி, வாளியில் தண்ணீர் மொண்டு, கண்ணாடி மிதவையைப் போட்டு எவ்வளவு உப்பு என்று பார்க்க வேண்டும். உப்பு இருந்தால் மேல்கோடு வரை ஏற்றக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவன் இதில் சோம்பினால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். அவ்வளவு வாய் எனக்கு.

அன்று என் மாப்பிள்ளை கேப்டனாகப் போகும் முதல் பயணம். எட்டு வருடம் அடுத்தவருக்குக் கீழே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிய பதவி. வழியனுப்ப மகளும் வந்திருந்தாள். நான்கு நாள் பயணம், காற்றுக் காலம் வேறு. மேல்கோடு வரை சிமென்ட் ஏற்றி முடிக்கும்போது மாலையாகிவிட்டது.

“தண்ணி பாத்தாச்சா மாமா?” என்று மேலிருந்து கேட்டார் மாப்பிள்ளை.

எனக்கு முழங்கால் வலி. படியெல்லாம் பாசி. காலையில் பார்த்தபோது நல்ல தண்ணீர்தான் இருந்தது.

“எனக்கே இந்த ஆத்தப் பத்திப் பாடமா? கெளம்புங்க மாப்பிள்ளை, நேரமாச்சு.”

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். காலையில் பார்த்ததையே எழுதி நானும் போட்டேன். கப்பல் நகர்ந்தது. மகள் கையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

துறையில் சிந்தியிருந்த சிமென்டைக் கழுவ ஆற்றிலிருந்து குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதில் கையேந்தி முகம் கழுவினேன், வாய் கொப்பளித்தேன்.

உப்புக் கரித்தது.

மிதவையை எடுத்துக்கொண்டு அந்தப் பாசிப் படியில் உட்கார்ந்தே இறங்கினேன். அப்படியே கடல் தண்ணீர். அப்படியானால் கப்பல் வெளியே போனாலும் எழும்பாது. கீழ்க்கோடு முங்கியபடியேதான் போகும். பெரிய அலை வந்தால் தண்ணீர் மேல்தட்டில் ஏறும்.

சொன்னால் என் வேலை போகும். நான்கு விரல்தானே, ஒன்றும் ஆகாது என்று மனம் சமாதானம் சொல்லியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: பத்து நிமிடம் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு துறைமுக அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

முகத்துவாரத்தில் கப்பலை மறித்துத் திருப்பினார்கள். மறுநாள் முழுக்கச் சரக்கிறக்கினார்கள். என் உரிமச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது நியாயம். கேப்டனும் சரிபார்த்திருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையையும் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வேறொரு கேப்டன் கப்பலைக் கொண்டுபோனார்.

“நாலு நாளும் கடல் கொளம் மாதிரி கெடந்துச்சாம்பா,” என்றாள் மகள். தட்டை என் முன்னால் டங்கென்று வைத்தாள். “நாலு விரலுக்காக அவர் எட்டு வருஷத்தத் தொலைச்சிட்டீங்களே. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும். இல்லன்னா அப்புறமாவது வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்.”

நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

மாப்பிள்ளை ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எட்டாம் நாள் காலை எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மாமா. அந்தக் கப்பல்ல நான் இல்லாம வேற எவனாவது போயிருந்தா, போன் பண்ணியிருப்பீங்களா?”

பண்ணியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாளி எறக்காதது அன்னைக்கு மட்டும் இல்ல மாப்பிள்ளை,” என்றேன். “ரெண்டு வருஷமா முட்டி வலி.”

“எத்தன கப்பல்?”

“இருபது இருக்கும். ஒண்ணுக்கும் போன் பண்ணல.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் எழுந்துபோய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“அந்தக் கப்பல் பேரெல்லாம் எழுதுங்க. அலுவலகத்துக்கு நானும் கூட வரேன்,” என்றார். “அதுலயும் யாரோ வீட்டு மாப்பிள்ளைதான் போயிருக்கான்.”