கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு அங்குலம்

மனிதக் கண்ணை மிஞ்சும் கண்ணாடி இதுவரை செய்யப்படவில்லை, இனியும் செய்யப்படாது. ஜனவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லூயெல்லாவின் துப்பாக்கிக் கடையில் நின்று, என் மாமா வெர்லின் ஸ்டில்ட்னர் இதை அறிவித்தார். அறிவிக்கும்போது தொப்பியைக் கழற்றியிருந்தார். மற்றபடி தேசிய கீதத்துக்கும் சவ அடக்கத்துக்கும்தான் அவர் தொப்பி தலையைவிட்டு இறங்கும்.

மாமாவின் மகள் டார்லா, தன் துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாய், அதாவது ஸ்கோப், வாங்க வந்திருந்தாள். குழல்வாயில் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இடித்துச் சுடும் துப்பாக்கி. தெற்கு ஓஹையோவில் அதற்கென்று தனியாக நாலு நாள் மான் சீசன் உண்டு. அந்தச் சனிக்கிழமை தொடங்க இருந்தது. மகளைக் கடைக்காரி ஏமாற்றிவிடக் கூடாது என்று மாமா வந்திருந்தார். கல்லூரி விடுமுறையில் வீட்டில் சும்மா கிடந்ததால் நானும் வந்திருந்தேன்.

"ஸ்கோப்ப கண்டுபிடிச்சவன் வேட்டைக்காரனா இருந்திருக்க மாட்டான்," என்றார் மாமா. "பக்கத்து வீட்டு ஜன்னல எட்டிப் பாக்குறவனா இருந்திருப்பான்."

"வெர்லின், கண்ணாடி மேசையில கைய வைக்காதே. இப்பத்தான் துடைச்சேன்," என்றாள் லூயெல்லா. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் சொன்ன பேச்சை மட்டும் மாமா கேட்பார். கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுச் சாவிக்கொத்தைக் குலுக்க ஆரம்பித்தார்.

டார்லா இருப்பதிலேயே பெரிதாக ஒன்றைக் கையில் எடுத்தாள். பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது.

"இத வச்சு வேட்டைக்குப் போறியா, நிலாவுக்குப் போறியா?" என்றார் மாமா.

"அப்பா, கொஞ்சம் வெளிய போயி நில்லேன்."

"அவர் சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு," என்றாள் லூயெல்லா. "நம்ம காட்டுல அறுபது கஜத்துக்குள்ளதான் சுடப்போற. அவ்வளவு கிட்டத்துல பன்னிரண்டு மடங்கு வச்சா மான் தெரியாது, மானோட மயிர்தான் தெரியும். எந்தப் பக்கத்து மயிர்ன்னும் தெரியாது. ரெண்டுலேருந்து ஏழு மடங்கு வரைக்கும் போதும். உள்ள தெரியுற குறுக்குக் கம்பி தடியா இருக்கட்டும், சாயங்கால வெளிச்சத்துல மெல்லிசு கண்ணுக்கு அம்பிடாது."

மாமாவின் சாவிக்கொத்து நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் குலுங்கியது.

அந்தக் கடையில் மாமாவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது.

போன ஜனவரியில் பொழுது சாயும் நேரம், மாமா ஒரு பெட்டை மானைச் சுட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். புகை கலைந்தபோது மான் இல்லை. பனியில் ரத்தம் இருந்தது. அன்றும் மறுநாளும் அந்த ரத்தத்தின் பின்னால் அலைந்தோம். ஓடைக்கரையில் அது நின்றுபோனது. மாமா ஓடைக்குள் இடுப்பளவு இறங்கி அந்தக் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "குழல் நுனியில இருக்குற குறிக்குமிழ் ரெண்டா தெரிஞ்சதுடா," என்றார், பல் கிட்டிக்க. "இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா இந்தத் துப்பாக்கியத் தொட மாட்டேன். யார்கிட்டயும் சொல்லாதே. உங்க அத்தைகிட்டகூட."

யாரிடமும் என்றால் முக்கியமாக முகாமில். எங்கள் வேட்டை முகாம் பலகையடித்த ஒரே அறை. அங்கே ஒரே சட்டம்: குறி தப்பினாலோ, அடிபட்ட மானைத் தவறவிட்டாலோ, அன்று போட்டிருந்த சட்டையின் பின்தொங்கலை வெட்டி, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் ஆணியடிப்பார்கள். பதினோரு துண்டுகள் தொங்குகின்றன. இரண்டு என்னுடையவை. கத்தரிக்கோல் மாமாவின் பொறுப்பு. முப்பது வருடமாக அவருடைய சட்டை முழுசாக இருப்பதே அவர் நீதிபதியாக இருப்பதற்கான தகுதி. போன ஜனவரி முகாமுக்குத் திரும்பியதும், "ஒண்ணுமே கண்ணுல படல" என்று சொல்லிவிட்டு இரண்டு கிண்ணம் மிளகாய்க் குழம்பு சாப்பிட்டார்.

"வயசான கண்ணுக்கு இது வரம்," என்று லூயெல்லா டார்லாவிடம் சொன்னாள். பார்வை மட்டும் மாமா மேல் இருந்தது. "பழைய முறையில கிட்ட இருக்குற வெட்டு, குழல் நுனியில இருக்குற குமிழ், தூரத்து மான்னு மூணையும் ஒரே நேரத்துல பாக்கணும். ஐம்பது தாண்டினா கண்ணு மூணுல ஒண்ணத்தான் காட்டும். இதுல எல்லாம் ஒரே இடத்துல தெரியும். நீயும் ஒரு தடவ பாரேன் வெர்லின். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற போர்டப் படி."

"அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு மனப்பாடம்," என்றார் மாமா. சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு போர்டைப் பார்த்தார், பிறகு மற்றதை. மறுபடியும் டயரை உதைத்தார்.

அந்த நேரம் பார்த்து லூயெல்லா முக்கியமான விஷயத்துக்கு வந்தாள். "மருந்துத் துப்பாக்கிக்கு உதை ஜாஸ்தி. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு அங்குலம் இடைவெளி இருக்கணும். ஸ்கோப்பப் பிடிக்கிற வளையத்த இறுக்குறதுக்கு முன்னாடி தோள்ல வச்சு அளந்துக்கோ. நெருங்குச்சுன்னா விளிம்பு புருவத்துல பிறை போட்டுரும். என் புருஷனுக்கு ரெண்டு பிறை இருக்கு. கேட்டா படிக்கட்டுல விழுந்தேன்னு சொல்வார். எங்க வீட்டுல படிக்கட்டே கிடையாது."

மாமா திரும்பி வந்தபோது பேச்சு முடிந்து, பெட்டி கட்டியாகிவிட்டது. வாசல்வரை போனவர், கையுறையை மறந்துவிட்டேன் என்று உள்ளே போனார். கையுறை அவர் கையில்தான் இருந்தது. பத்து நிமிடம் கழித்து வந்தார். கோட்டின் வலப்பக்கம் புடைத்திருந்தது.

"கிடைச்சுதா மாமா?"

"என்னது?"

"கையுறை."

"வண்டிய எடுடா."

வியாழன் மதியம் பழைய ஜல்லிக்குழிப் பக்கம் ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. சாயங்காலம் மாமா சாப்பிட வந்தபோது வலது புருவத்துக்கு மேல் ஒரு சிவப்புப் பிறை இருந்தது. காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் அத்தனை ஒழுங்கு.

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சு," என்றார், யாரும் கேட்பதற்கு முன்னால்.

அத்தை உருளைக்கிழங்கை நகர்த்தி வைத்தாள். டார்லா உப்பைத் தூவிக்கொண்டே சொன்னாள்: "நாலு அங்குலம் தள்ளி நின்னிருந்தா அலமாரி இடிச்சிருக்காதுப்பா."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். "நாலா?"

"நாலு."

மாமா கிழங்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனார். திருகாணி முடுக்கும் சத்தம் வந்தது.

வெள்ளிக்கிழமை முகாமுக்கு எல்லோருக்கும் முன்னால் அவர் தனியாகப் போய்விட்டார். துப்பாக்கியை உறையைவிட்டு எடுக்கவே இல்லை. சனிக்கிழமை விடியலில் காபி ஊற்றும்போதுதான் சுவரைப் பார்த்தேன். பன்னிரண்டு துண்டுகள். புதியது சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளித் துணி. மாமா சீசனுக்கென்றே வைத்திருக்கும் சட்டை. தச்சன் பென்சிலில் எழுதியிருந்தது: வெர்லின். போன ஜனவரி.

அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் பார்த்தோம். முகாமிலேயே வாய் நீளமானவர் டெல்மர். அவர் பிஸ்கட்டும் குழம்பும் இருந்த தட்டை மாமா பக்கம் தள்ளிவிட்டு, "குழம்பு ஆறிடும், சாப்பிடு," என்றார்.

மரத்தின் மேல் எனக்குக் கிடைத்த பரணிலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாமாவின் பரண். பொழுது நன்றாக விடிந்தபோது அவர் மடியில் துப்பாக்கியும், துப்பாக்கிமேல் கறுப்பாக ஒரு குழாயும் தெரிந்தன. மான் வரவேண்டும் என்று ஒரு நிமிடம் வேண்டினேன், வந்துவிடக் கூடாது என்று அடுத்த நிமிடம்.

ஒன்பது மணிக்குப் பெட்டை மான் ஒன்று வந்தது. அவருக்கு எதிரே பள்ளத்தில், ஐம்பது கஜத்தில். மாமா துப்பாக்கியை எடுத்தார். தலையைப் பின்னால் இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

வெடித்தது. வெள்ளைப் புகை பள்ளத்தை மூடியது. அது கலைய ஒரு யுகம் ஆனது. கலைந்தபோது மான் நின்ற இடத்திலிருந்து நாலே எட்டில் கிடந்தது. அசையவில்லை.

மாமா உடனே இறங்கவில்லை. மருந்தைக் கொட்டினார், குண்டை வைத்தார், கோலால் இடித்தார். பிறகு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். என் பக்கம் பார்க்கவில்லை; பார்த்திருந்தாலும் அந்தத் தூரத்துக்கு அவருடைய வெறுங்கண்ணுக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன். ஸ்கோப்பின் கண்ணாடியில் வாயை வைத்து மெல்ல ஊதினார். அதைத் துடைக்கச் சட்டையின் பின்தொங்கலைத் தேடிக் கை இடுப்புக்குப் பின்னால் போனது. அங்கே ஒன்றும் அகப்படவில்லை. சற்று நேரம் கை அங்கேயே இருந்தது.

பிறகு உள்பனியனை உருவி இழுத்து, குழந்தைக்கு மூக்கு துடைப்பதுபோல், முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் துடைத்தார்.