கையால் கூப்பிடும் பெயர்

வாயைப் பொத்திக்கொண்டுதான் ஜெயந்தா முதன்முதலாக அனலைதீவில் கால் வைத்தாள். கடலோரச் சுருவில் ஊர்க்காரிக்குப் படகு ஒத்துவராது என்றால் யார் நம்புவார்கள்? லீவில் போன சரோஜினிதேவி ரீச்சருக்குப் பதிலாக வந்தவள், இறங்குதுறையிலேயே குனிந்து வாந்தியெடுத்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். நல்ல வரவேற்புத்தான்.

அவளுடைய வகுப்பில் கஜானி என்ற பிள்ளைக்குக் காது கேளாது. சரோஜினிதேவி நல்ல மனுசி, ஆனால் கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறவர். கடைசி வாங்கில் இருந்த கஜானிக்கு அவருடைய முதுகுதான் பாடம். ஜெயந்தா அவளை முன்வாங்குக்குக் கொண்டுவந்தாள். முகத்தைக் காட்டிப் பேசினாள். அவளுடைய கைப்பேச்சைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். ஒருநாள் கஜானி அவளைப் பார்த்து வாயைப் பொத்திக் குனிய, வகுப்பே சிரித்தது. ஜெயந்தாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

“பகிடி இல்லை ரீச்சர்,” என்றாள் பக்கத்தில் இருந்த நிலாந்தினி. “அதுதான் உங்கட பேர். சரோஜினிதேவி ரீச்சருக்கு மூக்குக்கண்ணாடி. அதிபருக்கு இது.” வயிற்றைத் தடவிக் காட்டினாள்.

அதன்பிறகு வகுப்பு முழுக்க அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அவளுக்கும் அது பிடித்துப்போனது.

சரோஜினிதேவியின் லீவு முடிந்தது. இன்னும் கொஞ்சநாள் இருக்கட்டுமா என்று அதிபரிடம் கேட்டுப் பார்த்தாள்.

“அவா நாளைக்கு வாறா, பிள்ளை. நான் என்ன செய்யேலும்?”

திரும்பவும் அந்தப் பிள்ளை முதுகையே பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறதே! நிலாந்தினியைத் தனியாகக் கூப்பிட்டாள். “நீர் இவளுக்குக் கையால சொல்லிக் குடுப்பீரோ?”

“ஓம் ரீச்சர். தெரிஞ்சதைச் சொல்லுவன்.”

பள்ளிக்கூடம் விட்டதும் கஜானி வந்தாள். வாயைப் பொத்தி, கையால் படகோட்டி, புருவத்தை உயர்த்தினாள். நாளைக்கும் வருவீர்களா? பொய் சொல்ல ஜெயந்தாவுக்குக் கை வரவில்லை. இல்லை என்று அசைத்தாள்.

கஜானி கண்களை இறுக மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிவிட்டால் யாராலும் அவளுக்கு எதுவும் சொல்ல ஏலாது.

நிலாந்தினி கையைப் பிடித்து இறங்குதுறைக்குக் கூட்டிவந்தபோதும் அவள் கண் திறக்கவில்லை. படகு விலகியது. ஜெயந்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கடல் குளம்மாதிரிக் கிடக்கு, பிறகேன் ரீச்சர் சத்தி?” அவளுக்கு வாந்தி வருகிறதென்று நினைத்த படகுக்கார மரியதாசன் தேசிக்காய் ஒன்றை நீட்டினார். “இந்தாங்கோ, மணந்து பாருங்கோ.”

அவள் அதை வாங்கவில்லை. துறையில் கஜானி கண்ணைத் திறந்திருந்தாள். வாயைப் பொத்திக் குனிந்தாள். நிமிர்ந்து, திரும்பவும் குனிந்தாள். பக்கத்தில் நிலாந்தினியும். புள்ளியாகிப் போகும்வரை இரண்டு பேரும் கூப்பிட்டுக்கொண்டே நின்றார்கள்.