அம்மன் சொன்ன வரிசை

பெங்களூரில் கணினிக் கோட்பாட்டுப் பேராசிரியையாக இருக்கும் ஐஸ்வர்யா கணினியை வைத்து வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. வெள்ளைத்தாளும் பென்சிலும்தான். அந்தப் பென்சிலால் அவள் எழுதிய ஒரு கட்டுரையை உலகம் முழுக்க ஆயிரத்து அறுநூறு பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். பழவேற்காட்டில் அவள் பிறந்த குப்பத்தில் அத்தனை பேர் கிடையாது. செத்தவர்களையும் கோழிகளையும் சேர்த்தால் ஒருவேளை தேறும். மற்ற பதினெட்டுக் கட்டுரைகளை அவளும் அச்சுப்பிழை திருத்தியவரும் படித்ததோடு சரி. வேலை, பதவி உயர்வு, நாற்பது நாட்டு விமானப் பயணம் எல்லாம் அந்த ஒன்று போட்ட சோறு.

அந்தக் கட்டுரையின் விஷயம் பழவேற்காட்டு ஏரியிலிருந்து போனதுதான். முகத்துவாரத்தில் இறால் வலை கட்டப் பன்னிரண்டு இடங்கள். சில தங்கம், சில வெறும் சேறு. யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்கிற முறைக்குப் பாடு என்று பெயர். சீட்டுக் குலுக்கலில் கடைசியாக வந்தவன் அடுத்த சுற்றில் முதலில் இறங்குவான். அமாவாசைக்கு அமாவாசை வரிசை ஓரிடம் நகரும். இதைவிட நியாயமான பங்கீடு இருக்கவே முடியாது என்று ஐஸ்வர்யா நாற்பத்தொரு பக்கத்தில் நிரூபித்திருந்தாள். முறை யாருடையது என்பதற்கு, 'கடலோர மக்களின் தொன்மையான வழக்கம்' என்று ஒரே வரி.

இந்த மாசியில் அவள் நைனா ராஜவேலுவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். விடுப்பில் வந்தவளிடம் அவர் கேட்டார்.

"நம்ம பாடு பத்தி இன்னாமோ எழுதினியாமே. படிச்சிக் காட்டு."

தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். தொன்மையான வழக்கம் வந்ததும் அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அம்மா கோவிந்தம்மா ஓடிவந்து நெஞ்சைத் தடவ வேண்டியதாயிற்று.

"இன்னா பாப்பா தொன்மை? அப்போ உனக்கு ரெண்டு வயசு. அது நான் போட்டது."

அந்த வருஷம் இவர்களும் எதிர்க்குப்பமும் அந்தப் பன்னிரண்டு இடங்களுக்காக வலையை அறுத்துக்கொண்டு, படகைக் கொளுத்திக்கொண்டு, குப்பத்துக்கொரு பிணமும் எடுத்திருந்தார்கள். ராஜவேலு மணலில் நண்டு ஓடுகளைப் பரப்பிப் பதினோரு நாள் நகர்த்திக்கொண்டே இருந்தார். கோவிந்தம்மா அவருக்குப் பித்துப் பிடித்ததென்று தாயத்துக் கட்டினாள். பிறகு பஞ்சாயத்தில் எழுந்து, எல்லையம்மன் கனவில் வந்து முன்னோர் மறந்துபோன வரிசையைச் சொன்னாள் என்று அவிழ்த்துவிட்டார்.

"நான் போட்டதுன்னா எவன் கேப்பான்? எதிர்க்குப்பத்தான் என் தலையை வலையில கட்டித் தொங்க வுட்டிருப்பான்."

ஐஸ்வர்யா அன்றே ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதினாள்: முறையைக் கண்டுபிடித்தவர் ராஜவேலு. அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாளை மார்பின்மேல் வைத்துக்கொண்டார்.

"ஆயிரத்து அறுநூறு பேருக்கும் போவுமா?"

"போவும் நைனா."

"சீனாக்காரனுக்கு?"

"அவங்கதான் அதிகம்."

மகிழ்ச்சி, ஊர்ப் பெரியவர் ஒருவரின் உறுதிக் கடிதம் மட்டும் வேண்டும் என்று இதழாசிரியர் பதில் போட்டார். குப்பத்துத் தலைவர் தெய்வசிகாமணி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். ஐஸ்வர்யா எழுதி வைத்திருந்த கடிதத்தை முழுக்கக் கேட்டார்.

"மெய்யாத்தான் இருக்கும் மச்சான். உன் மூளை எனக்குத் தெரியாதா. ஆனா அம்மன் சொன்னதுன்னுதானே சேத்துல பாடு வுழுந்தாலும் எதிர்க்குப்பத்தான் வாயை மூடிக்கினு எறங்கறான். நீ சொன்னதுன்னா நாளைக்கே வேற ஒண்ணு போட்டுக்கினு வருவான்."

"அது இங்கிலீஷ்ல வர்றது மாமா," என்றாள் ஐஸ்வர்யா.

"எதிர்க்குப்பத்துல ஆறு பேரு இஞ்சினியருங்க கீறாங்க கண்ணு. காட்டுப்பள்ளி தொறமுகத்துல வேலை. அவங்க படிக்க மாட்டாங்களா?"

கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். ராஜவேலு மார்பிலிருந்த தாளை மகளிடம் நீட்டினார்.

"வேணாம்னு எழுதிடு பாப்பா."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கேட்டார்.

"ஒருத்தன்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"யாருகிட்ட நைனா?"

யோசித்தார். ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் காலை போய்விட்டார்.

சாவுக்கு எதிர்க்குப்பம் மொத்தமும் வந்தது. அன்றைய பாடு அவர்களுடையது, அதுவும் தங்கமான இடம். ஒருவரும் வலை கட்டவில்லை. தூக்கியவர்களில் பாதிப் பேர் அவர்கள். தோள் கொடுத்தவர்கள் ஐஸ்வர்யாவிடம், நல்ல மனுஷன், யார் வம்புக்கும் போகாதவர் என்றார்கள். அவள் தலையாட்டினாள்.

பெங்களூர் திரும்பியபோது இதழாசிரியரின் நினைவூட்டல் காத்திருந்தது. கடிதம் வருமா, வராவிட்டால் திருத்தத்தைத் திரும்பப் பெறக் காரணம் என்ன? அம்மன் கனவில் வந்து தடுத்தாள் என்று எழுதலாமா என்று பார்த்தாள். பஞ்சாயத்தில் எடுபட்டது அங்கே எடுபடாது. கடைசியில், 'எனக்குக் கிடைத்த தகவல் தவறானது' என்று எழுதினாள். நாற்பத்தொரு பக்கத்தை மூன்று வாரத்தில் முடித்தவளுக்கு, நைனாவைப் பொய்யராக்கும் அந்த நான்கு சொல்லை அனுப்ப ஒரு முழு நாள் ஆயிற்று.